பொம்மையை இயக்கக் கற்றுக்கொள்ள ஒரு பகல் போதும்

மயக்க மருந்து நிபுணராக ஆபரேஷன் தியேட்டரிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். கற்பிக்கும் ஆசை வந்தபோது சிமுலேஷன், அதாவது நிஜ நோயாளி இல்லாமல் நிஜம் போன்ற சூழலில் பயிற்சி தரும் முறையின் பக்கம் திரும்பியதற்குக் காரணம், அதில் எங்கள் ஆட்கள் அதிகம். 1980களில் ஸ்டான்ஃபோர்டில் நிஜத் தியேட்டர் போலவே ஓர் அறையை அமைத்துப் பயிற்சி கொடுத்த டேவிட் கேபா மயக்க மருந்து மருத்துவர். விமானிகளுக்குத் தரும் நெருக்கடிகாலக் குழுப் பயிற்சியை எங்கள் துறைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பயிற்றுநர் பயிற்சியில் சேர்ந்தபோது மேனிகின் என்ற நோயாளிப் பொம்மையை இயக்குவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. சினாரியோ, அதாவது பயிற்சியில் நடக்கப்போகும் நெருக்கடிக் காட்சியை எழுதுவதில்தான் திணறினோம். நான் எடுத்துக்கொண்டது அனாஃபிலாக்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை: வார்டில் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சிறிது நேரத்தில் ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சு இரைக்கிறது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மி.கி. அட்ரினலின் போட்டால் எத்தனை நிமிடத்தில் தேற வேண்டும், போடாவிட்டால் மானிட்டரில் என்ன மாற வேண்டும் என்று எல்லாக் கிளைகளையும் முன்கூட்டியே எழுத வேண்டும். கற்றல் நோக்கம் இரண்டு, மூன்றுக்கு மேல் போனால் வழிகாட்டி பேனாவை எடுத்து மீதியை அடித்துவிடுவார். சரியாகத்தான் செய்தார்.

அதற்கப்புறம் டிபிரீஃபிங், அதாவது காட்சி முடிந்ததும் நடந்ததைப் பற்றிப் பங்கேற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது. சினாரியோ பத்து நிமிடம் என்றால் பேச்சு அதைவிட நீளும். மருத்துவர்களுக்கு இது லேசில் வராது; தப்பைக் கண்டால் உடனே திருத்தியே பழகியவர்கள் நாம். 'நான் பார்த்தது இது, எனக்குத் தோன்றியது இது, உங்களுக்கு என்ன தோன்றியது?' என்ற வரிசையில் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் படு செயற்கையாக இருந்தது.

என் சினாரியோவில் ஒரு பயிற்சி மருத்துவர் "அட்ரினலின் போடுங்க" என்று உரக்கச் சொன்னார். இரண்டு நர்ஸ்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எனக்கு விரிவுரை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டிபிரீஃபிங்கில் அந்த வரிசைப்படியே கேட்டேன்: "யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலையேன்னு எனக்குத் தோணுச்சு. அப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு?"

"அவங்க பேர் எனக்குத் தெரியாது டாக்டர். 'சிஸ்டர்'னு கூப்பிட்டா ரெண்டு பேருமே திரும்புவாங்க."

குழுவில் பேசும் முறை பற்றி நான் தயாரித்து வைத்திருந்த ஸ்லைடு எதிலும் இது இல்லை. அதன் பிறகு ஷிஃப்ட் தொடக்கத்தில் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது பற்றி அவர்களே பேச ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

இந்தப் பாதைக்கு வர நினைப்பவர்கள் விலை உயர்ந்த மேனிகினுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1963லேயே ஹோவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்களுக்கு நரம்பியல் சொல்லிக் கொடுத்தார். நடிக்க ஓர் ஆள், ஒரு கட்டில், நன்றாக எழுதிய ஒரு பக்கம் இருந்தால் தொடங்கிவிடலாம். தியேட்டர் டியூட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் அடுத்த சினாரியோக்கள் எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன.