காற்றுச் சுரங்கத்தில் பறக்கப் பழகுகிறேன்: இதுவரை பிடிபட்டது

இன்டோர் ஸ்கைடைவிங், அதாவது கீழிருந்து மேலே வீசும் காற்றில் ஓர் அறைக்குள்ளேயே மிதந்து பறப்பது, அதற்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "வயிற்றைக் கலக்காதா?" என்றுதான். கலக்காது. உயரத்திலிருந்து விழும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அது இங்கே துளியும் இல்லை, ஏனென்றால் இங்கே யாரும் விழுவதில்லை. விமானத்திலிருந்து குதிப்பவர் முதல் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் வேகம் கூடிக்கொண்டே போய், பிறகு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டரில் நிலைக்கு வருகிறார். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் அவருடைய எடையும் சரிசமமாகிவிடுகின்றன. காற்றுச் சுரங்கத்தில் நாம் நேராக அந்தச் சமநிலைக்குள்தான் நுழைகிறோம். நம் எடை முழுதாக அப்படியே இருக்கிறது, தரை தாங்க வேண்டியதைக் காற்று தாங்குகிறது, அவ்வளவுதான். இது புரிந்தபோதே எனக்குப் பயத்தில் பாதி போய்விட்டது.

வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் உள்ளே இருக்கும்போது மனது அமைதியாக இருக்கும். பெரும்பாலான சுரங்கங்களில் ராட்சத மின்விசிறிகள் இருப்பது மேலே. அவை காற்றை மேல்நோக்கி உறிஞ்சி, பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகக் கீழே இறக்கி, மறுபடியும் மேலே அனுப்புகின்றன, அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றும் காற்று சூடேறும் என்பதால் அதைக் குளிர்விக்கவும் ஏற்பாடு உண்டு. நாம் பறக்கும் அறைக்கு முன்னால் பாதை குறுகுவதால் காற்று அங்கே வேகமெடுக்கிறது. அறைக்கு மேலே பாதை மறுபடி விரிவதால், உயரே போகப் போகக் காற்றின் வேகம் தானாகக் குறையும். அதனால் யாரும் மின்விசிறிவரை பறந்து போய்விட முடியாது. கீழே இருக்கும் கம்பி வலை நாம் நிற்பதற்கும் விழுந்தால் தாங்குவதற்கும். வெளியே ஒருவர் கட்டுப்பாட்டுப் பலகையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். எடை கூடியவருக்கு வேகம் கூடுதல், மெலிந்த குழந்தைக்குக் குறைவு.

முன்தயாரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. உடல் முழுக்க மூடும் ஒரு சூட், ஹெல்மெட், காக்கிள்ஸ், காதுக்கு இயர்ப்ளக், நன்றாக இறுக்கிக் கட்டிய ஷூ. மோதிரம், செயின், கடிகாரம், பாக்கெட்டில் இருக்கும் சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும், ஒரு சின்ன நாணயம்கூட அந்தக் காற்றில் ஆபத்தான பொருள். தோள்பட்டை எப்போதாவது நழுவியிருந்தாலோ, கழுத்திலோ முதுகிலோ பிரச்சினை இருந்தாலோ, இதய நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தோள் விஷயத்தை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரித்து வைத்த கையைக் காற்று விடாமல் மேலே தள்ளுகிறது, ஏற்கெனவே தளர்ந்த மூட்டு என்றால் மறுபடி நழுவ அது போதும்.

உள்ளே போனால் பேச்சு கேட்காது என்பதால் கை சைகைகளை முன்கூட்டியே சொல்லித் தருவார்கள். இரண்டு விரல் நீட்டினால் காலை நீட்டு, இரண்டு விரல் மடங்கினால் காலை மடக்கு, முகவாயைத் தூக்கிக் காட்டினால் தலையை நிமிர்த்து. கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டிக் கையை ஆட்டினால் உடம்பைத் தளர்த்து. முதல் நாள் முழுக்க நான் அதிகம் பார்த்தது இந்தக் கடைசிச் சைகையைத்தான், உடன் வந்திருந்த எல்லோரும் அப்படித்தான்.

நுழைவது எளிது. வாசலில் நின்று, கைகளை உயர்த்தி, முகவாயை நிமிர்த்தி, அப்படியே முன்னால் சாய வேண்டும். குதிக்கக் கூடாது. சாய்ந்த கணத்தில் பயிற்சியாளர் சூட்டின் பிடிகளைப் பற்றிக்கொள்வார், கால் தரையை விட்டுவிடும். முதலில் வந்தது இரைச்சல், அப்புறம் மூச்சு. மூச்சு விட முடியவில்லை என்று தோன்றும், உண்மையில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, மார்பு இறுகிப்போவதால் வருகிற உணர்வு அது. மூக்கால் மெதுவாக இழுத்து, ஒரு முறை முழுதாக வெளியே விட்டதும் சரியாகிவிட்டது. வாயைத் திறந்தால் உதடும் கன்னமும் படபடக்கும், நாக்கு வறண்டுவிடும், அதனால் வாயை மூடி வைப்பது நல்லது. முதல் முறை வருபவருக்குத் தருவது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போல இரண்டு வாய்ப்புகள். வெளியே கேட்டால் அற்பமாகத் தெரியும். நாலாயிரம் மீட்டரிலிருந்து குதிப்பவருக்கே பாராசூட் திறக்கும்வரை கிடைப்பது சுமார் ஒரு நிமிடம்தான் என்று நினைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு தெரியும்.

இனி நான் இந்தப் பதிவில் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. இதில் எல்லாமே இடுப்பு.

காற்று கீழிருந்து அடிக்கும்போது கைகால் எல்லாவற்றையும் விறைப்பாக்கி, எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் உடம்பு பார்க்கும். விறைத்த உடம்பு ஒரு பலகை. பலகைக்கு அடிப்பக்கம் எது என்று காற்றுக்குத் தெரியாது, இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், கண்ணாடிச் சுவரில் போய் இடிக்கும். அதற்கு மாற்றாகச் சொல்லித் தருவதுதான் ஆர்ச். இடுப்பைக் கீழே தள்ளி, மார்பு, முகவாய், கை, கால் எல்லாவற்றையும் சற்று மேலே விட்டுவிடுவது. இறகுப்பந்து எப்படிப் போட்டாலும் கனமான தலைப்பக்கம் முன்னால் திரும்பிக்கொள்கிறதே, அதே கதைதான், உடம்பின் கனமான நடுப்பகுதி காற்றை நோக்கியும் லேசான கைகால்கள் பின்னுக்கும் இருந்தால் நாம் முயலாமலே நிலை வந்துவிடும். பயிற்சியாளர் வெளியே வந்ததும் சொன்னது ஒரே வரி: "இடுப்பை மட்டும் விடுங்க, மத்ததைக் காத்து பாத்துக்கும்." அடுத்த முறை உள்ளே போனபோது கைகால்களைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டு இடுப்பை மட்டும் கீழே அழுத்தினேன். அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எதிரே இருந்த கண்ணாடியில் எதையும் தொடாமல் மிதந்துகொண்டிருந்த அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

பார்வையும் இதில் சேர்த்தி. கீழே வலையைப் பார்த்தால் முகவாய் இறங்கும், முகவாய் இறங்கினால் ஆர்ச் கலையும், உடனே உடம்பு முன்னால் நழுவும். கண்ணாடிக்கு வெளியே கண் மட்டத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்கிறது.

நிலையாக மிதக்க வந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 180 கிலோமீட்டரை 198 ஆக்கினால் வேகம் கூடுவது பத்து சதவீதம், விசை கூடுவது 21 சதவீதம். இத்தனை வேகத்தில் உள்ளங்கையைக் கொஞ்சம் திருப்பினாலே உடம்பு பதில் சொல்லும். அதனால் அசைவுகளைச் சிறிதாக்கு, இன்னும் சிறிதாக்கு என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைக்கிற அறிவுரை.

முன்னே பின்னே போவதற்குக் கால்தான் கருவி. காலை நீட்டினால் பின்பக்கத்தில் காற்று படும் பரப்பு கூடி, கால் பக்கம் சற்று உயர்ந்து, தலைப்பக்கமாக முன்னே நகர்கிறோம். காலை மடக்கிக் கையை முன்னால் நீட்டினால் பின்னே போகிறோம். முழங்காலை அதிகமாக மடக்கிவிடுவது புதியவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம், அதனால்தான் பலரும் பின்னாலேயே போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள். தன் காலைத் தன்னால் பார்க்க முடியாது என்பதுதான் இங்கே சிக்கல், மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்பதை உணர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்தின் நுனியை நீட்டி வைத்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் காற்று அழுத்துவது தெரியும், இரண்டு காலிலும் அழுத்தம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சரிபார்க்கிறேன்.

திரும்புவது எனக்கு எல்லாவற்றையும்விட பிடித்தது. வலப்பக்கம் திரும்ப வலது தோளையும் முன்கையையும் கொஞ்சம் இறக்கினால் போதும். தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் வித்தை. கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலும் சுழற்சி நிற்பதில்லை, தடுக்க அங்கே உராய்வு கொடுக்கும் தரை இல்லையே. எதிர்ப்பக்கம் ஒரு சின்ன இறக்கம் கொடுத்து, அது நின்றதும் அதையும் எடுத்துவிட வேண்டும். இப்போது கால்வாசி வட்டம் திரும்பி, பயிற்சியாளர் காட்டிய இடத்தில் நிற்க வருகிறது. முழு வட்டம் என்றால் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறேன். மேலே போக உடம்பைத் தட்டையாக்கி விரிக்க வேண்டும், கீழே வர ஆர்ச்சைக் கூட்ட வேண்டும். கேட்க நேர் எளிமை, ஆனால் உயரத்தை மாற்றும்போது முன்னே பின்னே நகராமல் இருப்பது இன்னும் கைவரவில்லை.

முதல் வருகையின் முடிவில் பல இடங்களில் பயிற்சியாளரே நம்மைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி மேலே கூட்டிப்போய்க் கீழே இறக்குவார். அது கேளிக்கை, ஒரு முறை கட்டாயம் அனுபவிக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர் அந்த நேரத்தையும் தானே பறக்கச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

இந்தத் துறைக்கு ஒரு சுவையான வரலாறும் உண்டு. செங்குத்துக் காற்றுச் சுரங்கத்தில் மனிதன் முதன்முதலில் பறந்தது 1964இல், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில். 1982இல் லாஸ் வேகாஸில் பொதுமக்களுக்கான சுரங்கம் திறந்தது. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் இப்படிக் காற்றில் பறந்து காட்டினார்கள். இன்று இது தனி விளையாட்டு. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. 2015இல் பிராக் நகரில் முதல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது. பாராசூட் வீரர்களும் இங்கேதான் பழகுகிறார்கள், காரணம் எளிய கணக்கு: பத்து நிமிடச் சுரங்க நேரம் என்பது ஏறத்தாழப் பத்துக் குதிப்புகளின் பறத்தலுக்குச் சமம், அதுவும் நடுவில் ஒவ்வொரு முறையும் விமானம் ஏறாமல்.

பழக நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நேரத்தை ஒரே மூச்சாக வாங்காமல் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு அதற்கு மேல் தோளும் கவனமும் களைத்துவிடும், நடுவில் வெளியே நின்று மற்றவர்கள் பறப்பதைப் பார்ப்பதும் பாடம்தான். வீடியோ கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கால் நேராக இருக்கிறது என்று நான் சத்தியம் செய்யக்கூடிய இடங்களில் அது மடங்கியிருந்ததை வீடியோதான் காட்டியது. மறுநாள் தோளும் மேல்முதுகும் வலிக்கும், உடம்பு தளரத் தளர அந்த வலியும் குறைகிறது, எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பதற்கு அதுவே அளவுகோல். வீட்டில் தரையில் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் அழுத்தி, மார்பையும் தொடையையும் லேசாகத் தூக்கிப் பிடித்துப் பழகுகிறேன். சில நிமிடம் போதும், அடுத்த முறை உள்ளே போனதும் உடம்பு அந்த வடிவத்தைத் தேடாமல் எடுத்துக்கொள்கிறது.

இப்போது மல்லாந்து பறக்க ஆரம்பித்திருக்கிறேன். வலையில் படுத்துக்கொள்ளச் சொல்லி, காற்றை மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள், ஒரு கட்டத்தில் முதுகு வலையை விட்டுக் கிளம்புகிறது. குப்புறப் பறப்பதில் கற்ற எதுவும் இங்கே அப்படியே செல்லாது. ஆர்ச் செய்தால் கவிழ்ந்துவிடுவோம், இங்கே மார்பைச் சற்றுக் குழித்து, கைகளை விரித்து, முதுகு முழுக்கக் காற்றின் மேல் சாய வேண்டும். எங்கே இருக்கிறோம் என்பதும் உடனே தெரிவதில்லை, வலை கண்ணில் படாது, கூரையும் கண்ணாடியின் மேல்விளிம்பும்தான் அடையாளம். பயிற்சியாளர் ஒரு கையால் தாங்கினால் நிற்கிறேன், விட்டால் கால் பக்கமாக நழுவுகிறேன். குப்புற நிலையிலிருந்து மல்லாந்து புரள்வதைக் கேட்டுப் பார்த்தேன், முதலில் சுவரைத் தொடாமல் மல்லாந்தே ஒரு முழு நிமிடம் நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அதுதான் அடுத்த வேலை.