யாருக்கு ஓட்டு?

நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் நான் தேர்தல் அறிக்கையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் பார்ப்பது, போன அவையில் எந்தக் கட்சி எந்த மசோதாவை ஆதரித்தது என்பதை. மேடையில் கடுமையாக எதிர்த்துவிட்டு வாக்கெடுப்பு நேரத்தில் வெளிநடப்பு செய்வார்கள். அவையில் இருப்பவர்களின் வாக்குகளைத்தான் எண்ணுவார்கள் என்பதால், அது ஆளும் தரப்புக்குச் செய்யும் உதவி.

"கட்சியை விடுங்க, வேட்பாளர் நல்லவர்" என்பார்கள். சரி, ஆனால் இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு போட்டுவிட்டால் அந்த நல்லவர் என்ன செய்வார்? இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, மீறினால் பதவியே போகலாம்.

ஜெர்மனியில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. நியூசிலாந்திலும் 1996 தேர்தல் முதல் அப்படித்தான். கொடுத்து வைத்தவர்கள்!

ஒரே ஓட்டு உள்ள இடத்தில், "ஜெயிக்காத கட்சிக்குப் போட்டு வீணாக்காதே" என்ற அறிவுரை இலவசமாக வரும். நான் கேட்பதில்லை. தோற்ற கட்சியும் தன் வாக்கு சதவீதத்தைக் காட்டித்தான் அடுத்த கூட்டணியில் சீட் கேட்கிறது.

இந்த முறை இரண்டு கட்சிகள் வரை வடிகட்டியாயிற்று. எவை என்று இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.