இறுகிய குதிநாணும் தட்டைப் பாதமும்

பிள்ளைக்குத் தட்டைப் பாதம் என்று காட்ட வரும் பெற்றோர் கையில் பெரும்பாலும் ஒரு சொப்பிங் பாக் இருக்கும். உள்ளே பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து. "பாருங்கோ மிஸ், உள்பக்கம் முழுக்கத் தேஞ்சு போச்சு. ஒரு தவணைக்கு ஒரு சோடி காணாது." வெள்ளைச் சப்பாத்தின் குதிப்பக்கம் உள்நோக்கிச் சரிந்து, அடிப்பாகம் ஒருபக்கமாகவே உராய்ந்திருக்கும். அவர்கள் சொல்வது மெய்தான்.

நான் கொழும்பில் அரச வைத்தியசாலை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். சில பின்னேரங்களில் வெள்ளவத்தையில் தனியார் கிளினிக் ஒன்றிலும் இருப்பேன். எலும்பு டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து, பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு, சனல் பண்ணலாமா என்று கேட்டு வருபவர்களும் உண்டு. இரண்டு பகுதியினருக்கும் மனதுக்குள் கேள்வி ஒன்றுதான்: ஒப்பரேசன் செய்ய வேண்டி வருமா?

அநேகமானவர்களுக்கு வராது. இதைச் சொன்னால் எல்லோருக்கும் சந்தோசம் வரும் என்று நினைக்கக் கூடாது. காசும் கட்டி, காலி வீதி நெரிசலில் நின்று வந்து, "ஒன்றும் செய்ய வேண்டாம், வளரட்டும்" என்று கேட்டுவிட்டுப் போவது சில அப்பாமாருக்குப் பெரிய ஏமாற்றம். அவர்களுக்காகவே ஒரு கணக்கை நினைவில் வைத்திருக்கிறேன். ஒஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையான 835 பிள்ளைகளின் பாதங்களைப் பரிசோதித்து 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. 3 வயதுப் பிள்ளைகளில் 54 சதவீதமானோருக்குத் தட்டைப் பாதம். 6 வயதில் அது 24 சதவீதம். சின்ன வயதில் பாதத்தில் கொழுப்பும் கூட, மூட்டுகளைப் பிடிக்கும் நார்களும் தளர்வு. பாதத்தின் உள்பக்க வளைவு எழும்ப முதல் பத்து வருடங்களும் தேவைப்படலாம். 4 வயதுப் பிள்ளைக்கு ஒப்பரேசன் பற்றி விசாரிக்க வருகிறவர்களைத் தேநீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் சில நாட்களில் தோன்றும்.

சரி, யாருக்கு யோசிக்க வேண்டும்? எல்லோரும் வளைவையே பார்க்கிறார்கள். நான் குதிக்காலைப் பார்க்கிறேன்.

முதலில் பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்க வேண்டும். சும்மா நிற்கும்போது வெளிப்பக்கம் சாய்ந்திருந்த குதி, நுனிக்காலில் எழும்பியதும் உள்பக்கம் திரும்பும். இல்லாமல் இருந்த வளைவு எழும்பி வரும். அம்மாமார் அதைக் கண்டதும் "ஐயோ, வருதே!" என்பார்கள். நிலத்தில் ஊன்றிய காலின் பெருவிரலை மேலே தூக்கினாலும் அப்படியே வளைவு வரும். வந்தால் அது நெகிழும் தட்டைப் பாதம். வராமல் குதி விறைத்து நின்றால் பாத எலும்புகளில் இரண்டு பிறப்பிலேயே ஒட்டியிருக்கலாம். அது வேறு கதை, எக்ஸ்ரேயும் சிடி ஸ்கானும் கேட்கும்.

அடுத்ததுதான் எனக்கு முக்கியமான சோதனை. பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். கெண்டைக்காலிலிருந்து குதிக்கு இறங்கும் நாண் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்கத்தான். ஆனால் சும்மா தள்ளினால் இந்தப் பிள்ளைகளின் பாதம் பொய் சொல்லும். கணுக்கால் கொஞ்சமும் மடியாது. அதற்குப் பதிலாக நடுப்பாதம் மடிந்து, முன்பாதம் தாராளமாக மேலே வந்துவிடும். பார்ப்பவர் "நாண் சாதாரணம்" என்று எழுதிவிடுவார். அதனால் ஒரு கையால் குதியைப் பிடித்து உள்பக்கம் திருப்பி, நடுப்பாதத்தைப் பூட்டிக்கொண்டு, பிறகு தள்ள வேண்டும். கொஞ்சம் முன்பு வரை துள்ளி மேலே வந்த பாதம் அப்போது செங்கோணத்தைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடும். கையில் அது தெளிவாகத் தெரியும், கயிறு இழுபட்டு நிற்பதுபோல. அப்புறம் முழங்காலை மடித்துத் தள்ளிப் பார்ப்போம். மடித்ததும் விட்டுக்கொடுத்தால் இறுக்கம் கெண்டைத்தசையின் மேற்பகுதியில். மடித்தும் வராவிட்டால் நாணே குட்டை. சத்திரசிகிச்சை நிபுணர் எந்த இடத்தில் வெட்டி நீட்டப்போகிறார் என்பதை இந்தச் சின்ன வித்தியாசம்தான் தீர்மானிக்கும். அவரும் தியேட்டரில் மயக்கம் கொடுத்த பிறகு இதையே திரும்பச் செய்து பார்ப்பார்.

இந்த நாணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நடக்கும்போது உடம்பு பாதத்துக்கு மேலாக முன்னே போக, கணுக்கால் மடிய வேண்டும். நாண் விடாவிட்டால் அந்த மடிப்பை நடுப்பாதம் ஏற்றுக்கொள்ளும். குதியெலும்புக்கு மேலே இருக்கும் கணுவெலும்பின் தலை உள்பக்கமாக இறங்கி நிலத்தில் ஊன்றும். அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழும், ஓடினால் வலிக்கும். கனடாவில் ஹரிஸ், பீத் என்ற இருவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 3,619 இராணுவத்தினரின் பாதங்களைப் பார்த்து 1947இல் வெளியிட்ட அறிக்கையும் இதே திசையைத்தான் காட்டுகிறது. நெகிழும் தட்டைப் பாதம் தனியே இருந்தால் பெரிய தொல்லை இல்லை. குட்டையான குதிநாணும் சேர்ந்தால்தான் தொல்லை. எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் இது பொதுசனத்துக்கு எட்டவில்லை. "தட்டைப் பாதம் என்றால் ஆமிக்கு எடுக்க மாட்டினம்" என்பது மட்டும் எட்டியிருக்கிறது.

சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அமெரிக்காவில் வெங்கரும் மற்றவர்களும் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குத் திருத்தச் சப்பாத்து, சிலருக்கு இன்சோல், சிலருக்கு ஒன்றுமில்லை என்று 3 வருடம் பார்த்து 1989இல் எழுதினார்கள். எந்தக் குழுவிலும் வளைவு மற்றக் குழுவைவிடக் கூடுதலாக வளரவில்லை. வலிக்கிற பிள்ளைக்கு மென்மையான இன்சோல் ஆறுதல் தரும், அதை நானும் கொடுக்கிறேன். ஆனால் நாண் இறுகிய பிள்ளைக்குக் கடினமான வளைவுத் தட்டை வைத்தால், இறங்கி வரும் எலும்பு அந்தத் தட்டில் போய் இடிக்கும். வலி கூடும். "காசு கொடுத்து வாங்கினது, போட்டுக்கொண்டுதான் போகவேணும்" என்று அழும் பிள்ளைக்குப் போட்டுவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

அம்மம்மாமார் கட்சி வேறு. "நாங்கள் வெறுங்காலோட ஓடித் திரிஞ்சனாங்கள், எங்களுக்கு இந்த வருத்தம் ஒண்டும் இல்லை." இதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் ராவும் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992இல் வெளியிட்டார்கள். சப்பாத்துப் போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதமானோருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிடுங்கள் என்று நான் தாராளமாகச் சொல்வேன். ஆனால் 11 வயதில் நாண் இறுகி, காய்ப்பு விழுந்து, வலிக்கிற பிள்ளையை வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் நடக்கவிட்டால் சரியாகிவிடும் என்று அம்மம்மா சொன்னால் அதற்கு ஆமாம் போட முடியாது.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாணை நீட்டும் பயிற்சி, மென்மையான இன்சோல் எல்லாம் மாதக்கணக்கில் செய்து பார்த்து, அப்படியும் வலி போகாவிட்டால்தான் சத்திரசிகிச்சைப் பேச்சு. அதிகம் பேசப்படுவது குதியெலும்பை நீட்டும் முறை. எவன்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1975இல் எழுதியது, 1995இல் அமெரிக்காவின் மொஸ்கா திருத்தி விரித்தது. பாதத்தின் வெளிப்பக்கத்தில், குதியெலும்பு தனக்கு முன்னாலுள்ள எலும்போடு சேரும் மூட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீட்டர் பின்னால் வெட்டி, அந்த இடைவெளியை விரித்து, பிள்ளையின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை ஆப்பாக வைப்பார்கள். வெளிப்பக்கம் நீளும்போது முன்பாதம் உள்ளே திரும்பும், சரிந்த கணுவெலும்பு தன் இடத்துக்கு ஏறும், வளைவு எழும்பும். மூட்டுகள் எதையும் ஒட்டவைக்காததால் பாதத்தின் அசைவு மிஞ்சும். அதே மேசையிலேயே குதிநாணையோ கெண்டைத்தசையையோ நீட்டிவிடுவார்கள். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இன்னொரு முறை, கணுவெலும்புக்கும் குதியெலும்புக்கும் இடையிலுள்ள குழிவில் ஒரு சின்ன உலோகத் துண்டையோ திருகாணியையோ வைத்து, பாதம் உள்பக்கம் சரிவதைத் தடுப்பது. சின்ன வெட்டு, எலும்பு அறுப்பது இல்லை, சீக்கிரம் நடக்கலாம். வளர்ச்சி மிஞ்சியிருக்கும் 8 முதல் 12 வயதுக்காரருக்குச் செய்வார்கள், பல இடங்களில் இரண்டு மூன்று வருடத்தில் கழற்றியும் விடுவார்கள். எனக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர் இதன் ரசிகர். நான் அவ்வளவு இல்லை. சிகிச்சைகளுக்கு வழிகாட்டல் எழுதும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2009இல் இதற்குச் சான்றுகள் போதாது என்று எழுதிவைத்தது. அதைவிட, துண்டு வைத்த இடத்திலேயே வலி என்று வெளிக்கணுவைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளைச் சந்திப்பது நான். "மிஸ், நீங்கள் வலியோடு வாறவையை மட்டும்தானே பார்க்கிறீங்கள், நல்லா இருக்கிறவை உங்களிட்ட ஏன் வரப்போயினம்?" என்றார் அந்த நிபுணர். அதுவும் நியாயம்தான். நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

எலும்பு அறுத்தால் பிறகு ஏறக்குறைய 8 வாரம் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர், காலை ஊன்றக் கூடாது. கொழும்பில் அந்த 8 வாரம் என்றால் என்ன என்று நிபுணர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. குந்தி இருக்கும் கழிவறை. அம்மா வேலைக்குப் போகிறார், அப்பா வெளிநாட்டில். எல்லாவற்றுக்கும் மேலே புலமைப்பரிசில் பரீட்சை. ஒப்பரேசனுக்கு ஏற்ற வயதும் ஆண்டு 5ம் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. "சோதினை முடியட்டும் மிஸ்" என்பார்கள். அவசரமில்லாத சிகிச்சை இது, முடியட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஒரு வருடம் பிந்துவதால் கால் கெட்டுவிடப் போவதில்லை. ரியூசனுக்கு ஊன்றுகோலோடு ஏறி இறங்கி அந்தக் காலை ஊன்றிவிட்டால்தான் கெடும்.

பிளாஸ்டர் வெட்டும் நாளில் பெற்றோர் வளைவைத் தேடிக் குனிவார்கள். பிள்ளை காலைப் பார்க்கவே பயப்படும். கெண்டைக்கால் மெலிந்திருக்கும், தோல் செதில் செதிலாகக் கழன்று வரும், ஒரு வாடையும் இருக்கும். முதல் வாரம் பாதத்தை நிலத்தில் வைக்கச் செய்வதே பெரும்பாடு. பாரமில்லாமல் தொடுவது, தராசில் பாதி உடம்பைப் போடுவது, பிறகு முழுவதும். நாணை நீட்டும் பயிற்சியைக் கைவிடக் கூடாது, ஏனென்றால் வளரும் பிள்ளையின் எலும்பு முன்னே போக நாண் பின்தங்கும். சுவரைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் நேராக, குதி நிலத்தில், பாதம் கொஞ்சம் உள்நோக்கி. வெளிநோக்கி வைத்தால் பழைய பொய்தான், நடுப்பாதம்தான் மடியும். பரதம் படிக்கும் சிறுமி ஒருத்தி எனக்குக் காட்டித் தந்தாள், பாதங்களை வெளியே திருப்பி அரைவாசி குந்தும் அரைமண்டியில் இருக்கும்போது தன் பாதங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று. அவளுடைய ரீச்சரிடம் பேசி, அரைமண்டியை மட்டும் சில மாதம் தள்ளிப்போட்டோம்.

இப்போது என்னிடம் வரும் பையன் ஒருவனுக்கு இடது காலில்தான் காய்ப்பும் வலியும் இருந்தன. அந்தக் காலுக்கு ஒப்பரேசன் செய்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது, கிரிக்கெட்டும் தொடங்கிவிட்டான். வலது கால் இன்னும் தட்டை. நாண் கொஞ்சம் இறுக்கம், வலி இல்லை. அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "ஒண்டு வளைவு, ஒண்டு தட்டை, பார்க்க ஒருமாதிரி இருக்கு மிஸ். இதையும் செய்துவிட்டால் என்ன?" பையனைக் கேட்டேன். "வேண்டாம் அன்ரி, இந்தக் கால் நோகேல்லைத்தானே" என்றான். நிபுணரும் அதையே சொன்னார். வலது காலுக்கும் சுவர்ப் பயிற்சி போட்டிருக்கிறேன், அதை இரண்டு நாள் செய்து மூன்று நாள் விடுகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரட்டும். நொந்தால் அப்போது பேசலாம்.