ஓர் உறுமலுக்காக

விலங்குக் காப்பகம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் துணி துவைக்கவும் கூண்டு கழுவவும் போகிறேன். இரண்டு வருடமாகிறது. மருத்துவப் பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. அடிபட்ட ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிய அந்த முதல் இரவு என்னைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன பெண் நாய். பின்னங்கால் இரண்டும் துவண்டு தொங்கின. போர்வையை விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். உள்ளே நுழைந்ததிலிருந்து நான் "கால், கால்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இரவுப் பணியில் இருந்த டாக்டர் காலைப் பார்க்கவே இல்லை. முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் நிறம் எப்போது திரும்புகிறது என்று கவனித்தார். இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டுமாம். தாமதமானால் ரத்த ஓட்டம் சரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"கால் நாளைக்குக்கூடக் காத்திருக்கும் தம்பி, மூச்சு காத்திருக்காது" என்றார்.

வண்டியில் அடிபட்ட நாய்க்கு உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருக்கலாம். மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது. தொங்குகிற கால்தான் நம் கண்ணில் படும். கண்ணில் படாததைத் தேடப் பழகியவர்கள் அவர்கள்.

ஆக்சிஜன், டிரிப், வலிக்கு ஊசி என்று ஒவ்வொன்றாக நடந்தது. நிலைமை கொஞ்சம் தேறியதும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பில் மூன்று இடத்தில் முறிவு. தண்டுவடத்திலும் அடி இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். நாயின் வாயைக் கட்டுத்துணியால் கட்டிவிட்டு, பின்னங்கால் விரலை இடுக்கியால் எலும்போடு சேர்த்து இறுக்கினார். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரின் முகமோ மாறவில்லை. மூளைக்குச் செய்தி போகாமலே தண்டுவடம் தானாகக் காலை இழுத்துக்கொள்ளுமாம். வலி மூளையை எட்டுகிறது என்றால் நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அழ வேண்டும், இல்லை கடிக்க வர வேண்டும். அந்த ஆழமான வலி உணர்வே போய்விட்டால் மறுபடி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொரு விரலைப் பிடித்தார். இம்முறை இன்னும் அழுத்தமாக. நாய் தலையைத் திருப்பி, கட்டிய வாய்க்குள்ளிருந்து உறுமியது.

"அப்பாடா" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற உதவியாளர் அக்கா அதன் நெற்றியில் கை வைத்து, "நல்லா உறுமுடி, இன்னும் சத்தமா" என்றார். ஒரு நாய் உறுமியதற்கு மூன்று பேர் மகிழ்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அறுவை சிகிச்சை வேண்டாம், ஆறு வாரம் கூண்டில் அசையாமல் வைத்தாலே இந்த முறிவு கூடிவிடும் என்று முடிவானது. அடடா, எளிதாகப் போயிற்றே என்று நினைத்தேன். அந்த ஆறு வாரத்தில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

பின்பக்கம் மரத்த நாய்க்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. பை நிரம்பி வழியும், கிருமி சேரும், மெதுவாகச் சிறுநீரகம் வரை கெடும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது வயிற்றை அழுத்தி மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணியும் அதில் ஒன்று. இதை அக்காதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். தொடைகளுக்கு முன்னால், வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு அகப்படும். அதை மெதுவாக, சீராக, பின்பக்கம் பார்த்து அழுத்த வேண்டும். வேகம் கூடினால் பை கிழிந்துவிடும். முதல் நாள் எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. அக்கா என் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினார். தாரை விழுகிற வேகத்தைப் பார்த்தே, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மூத்திரம் கலங்கியிருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுவார்.

அதோடு முடியவில்லை. படுக்கைப்புண் வராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். ஈரம் பட்ட தோலைக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். டாக்டர் சொன்ன பிறகு கால்களைப் பிடித்து மடக்கி நீட்டிவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அக்காவுக்கு வேறு கூண்டுகளும் இருந்தன. கழுத்தில் புழு வைத்த ஒரு கிழட்டு நாயின் முன்னால் அவர் இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வந்துவிடும். வெளியே காசளவு ஓட்டைதான், உள்ளே விரல் முழுக்கப் போகும். முடியை மழித்து, உப்புநீரால் அலசி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார். கொண்டுவந்தவர் நல்லெண்ணத்தில் டர்பன்டைன் ஊற்றியிருந்தார். அது புழுவோடு சேர்த்து நல்ல சதையையும் எரித்திருந்தது. தயவுசெய்து அதை ஊற்றாதீர்கள்.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. காய்ச்சல் என்று யாரோ அரை மாத்திரை கொடுத்த பூனை ஒன்று வந்தது. ஈறு பழுப்பாகிவிட்டிருந்தது. மாற்று மருந்து உண்டு, அதையும் கொடுத்தார்கள். நேரம் கடந்துவிட்டதால் விடிவதற்குள் போய்விட்டது.

மூன்றாம் வாரம் கருப்பி அக்காவைக் கடித்துவிட்டாள். (வண்டியில் அடிபட்ட எங்கள் நாய்க்குக் கருப்பி என்று பெயர் வைத்ததும் அக்காதான்.) புரட்டும்போது வலித்திருக்கிறது. அக்கா சத்தம் போடவில்லை. அவளைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனார். 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவினார். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருப்பார்கள். ஆனாலும் கடிபட்டால் அன்று ஒன்றும் மூன்று நாள் கழித்து ஒன்றுமாக மறுபடி இரண்டு ஊசி உண்டு. "உனக்குக் கோபமே வரலையாக்கா?" என்று கேட்டேன். "அதுக்கு வலிச்சுது, அது சொல்லுச்சு" என்றார்.

எல்லாக் கூண்டும் இப்படி முடிவதில்லை. அதே வாரம், முதுகெலும்பு இரண்டாகப் போன ஒரு குட்டிக்கு எந்த விரலை இறுக்கியும் உறுமல் வரவில்லை. நெஞ்சிலும் காயம், மூச்சுவிடத் திணறியது. முதலில் மயக்க ஊசி போட்டார்கள். அது அக்கா மடியில் தூங்கிய பிறகுதான் கடைசி மருந்து. இதயத்துடிப்பு நின்றதை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு உறுதிசெய்தார். கேட்ட பிறகும் சற்று நேரம் அதை எடுக்கவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு, "அடுத்தது யார்?" என்றார். இதைத் தினமும் செய்கிற மனிதருக்கு நாம் ஆறுதலாக என்ன சொல்ல முடியும்? நான் துவைத்த துண்டுகளை மடித்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை தொங்கும். கருப்பியின் அட்டையில் தேதி, நேரம், பக்கத்தில் "அழுத்தி எடுத்தது" என்று அக்காவின் சாய்ந்த கையெழுத்து. அதற்குக் கீழே அதே வரி. பக்கம் திருப்பினாலும் அதே வரி. ஐந்தாவது வாரம் ஒரு காலையில் நான் போனபோது அக்கா கூண்டுக்குள் முழங்காலிட்டு, கருப்பியின் வயிற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். "பை காலியா இருக்கு" என்றார். விரிப்பின் மூலையில், அவள் படுத்திருந்த இடத்திலிருந்து தள்ளி, ஒரு ஈரவட்டம். இரண்டடி நகர்ந்து போய் இருந்திருக்கிறாள்.

அக்கா எழுந்து கையைத் துடைத்தார். அட்டையை எடுத்து, தேதி போட்டு, நேரம் போட்டு, "தானாகப் போனாள்" என்று எழுதினார். அப்புறம் அந்த "தானாக"வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.