நள்ளிரவைத் தானே கண்டுபிடிக்கும் போட்டோசெல்

தெருவிளக்கின் தலையில் சிறு டப்பாவைக் கவிழ்த்து வைத்ததுபோல் உட்கார்ந்து, இருட்டினால் விளக்கை ஏற்றி விடிந்தால் அணைக்கும் போட்டோசெல்களைச் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். முதலாவது, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு கிடைத்தது. ஒரு தேவாலய வளாகத்தில் சாய்ந்துவிட்ட கம்பத்திலிருந்து கழற்றிய விளக்கோடு அது ஓரமாகக் கிடந்தது. பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

மூடியைத் திறந்தால் நகத்தின் அளவுக்கு ஒரு காட்மியம் சல்பைடு வில்லையும், அதன் முகத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கோடும் தெரியும். வெளிச்சம் பட்டால் வில்லையின் மின்தடை குறையும். பகலில் அதன் வழியே பாயும் மின்சாரம் ஒரு சிறு ஹீட்டரைச் சூடாக்க, பக்கத்திலுள்ள ஈருலோகப் பட்டை வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். இருட்டியதும் பட்டை ஆறி, பழைய நிலைக்குத் திரும்பி, விளக்கை எரியவிடும். பட்டை சூடாவதற்குச் சிறிது நேரம் ஆகும் என்பதால், மின்னலுக்கும் வண்டியின் ஹெட்லைட்டுக்கும் விளக்கு அணைந்துவிடுவதில்லை. வில்லையோ ஹீட்டரோ பழுதானால் இணைப்பு துண்டிக்கப்படாமலே இருக்கும்; பட்டப்பகலில் எரியும் தெருவிளக்குகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவை. காட்மியம் நச்சு என்பதால் புதியவற்றில் சிலிக்கான் ஒளியுணரிகள் வந்துவிட்டன.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவை, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக உள்ளே டைமரும் வைத்துச் செய்யப்பட்டவை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் அத்தை மகன் விடுமுறைக்கு வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால், திருவட்டாறு அருகேயுள்ள எங்கள் வீட்டு முற்றத்து விளக்கில் அப்படியே பொருத்திவிட்டேன். அதற்குள் கடிகாரம் கிடையாது. இருட்டியதிலிருந்து விடியும்வரை எவ்வளவு நேரம் என்று அளந்து, சில இரவுகளின் சராசரியை எடுத்து, அதில் பாதியை நள்ளிரவு என்று வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் விளக்கை அணைத்து, ஐந்தரை மணி நேரம் கழித்து மீண்டும் ஏற்றும். 70 வாட் விளக்கு ஒன்றில் இதனால் ஆண்டுக்குச் சுமார் 140 யூனிட் மிச்சமாகும்.

அது கண்டுபிடித்த நள்ளிரவு 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு ஐந்து பாகைக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறோம். ஆகவே நமது நள்ளிரவு சராசரியாக 12.20 வாக்கில் வருகிறது. சூரியனின் ஓட்டத்தைப் பொறுத்து பிப்ரவரி நடுவில் அது 12.35-ஐ நெருங்குகிறது, நவம்பர் தொடக்கத்தில் 12.05-க்கு வந்துவிடுகிறது. இதை நாள்காட்டியின் ஓரத்தில் ஓராண்டு முழுவதும் குறித்து வைத்தேன். மின்வெட்டு வந்த இரவுகளில் அது கணக்கை மறந்து விடியும்வரை எரிந்ததால், அந்த நாள்களை விட்டுவிட வேண்டியதாயிற்று.

அதிகாலையில்தான் அது நம் ஊருக்கு ஒத்துவரவில்லை. குளிர்காலத்தில் விடிய வெகு நேரமாகும் நாட்டுக்காகச் செய்யப்பட்ட டைமர் அது. இங்கே ஜூன் மாதத்தில் அது விளக்கை மீண்டும் ஏற்ற வேண்டிய நேரத்துக்குள் விடிந்துவிட்டது. ஜனவரியிலும் அரை மணி நேரம்கூட எரியவில்லை. நம் மாவட்டத்தில் வெளிச்சம் தேவைப்படுவதோ அதற்கும் வெகு முன்னதாக. ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்களும் குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர்களும் இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள். அவர்கள் நடக்கும் நேரத்தில் இருண்டு கிடக்கும் தெருவால் கிடைக்கும் மிச்சத்தை நான் மிச்சமாகக் கருத மாட்டேன்.

அண்மையில் வாங்கிய இன்னொன்றில், அணைந்திருக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. ஐந்தரை மணி நேரத்தை மூன்றரையாகக் குறைத்து, அதை முற்றத்தில் மாட்டியிருக்கிறேன். நேற்று அதிகாலை நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாக அப்போதுதான் படியிறங்கிக் கொண்டிருந்தார்.