வேலூர் வெயிலில் இறுதியாட்ட ஆய்வு

மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினை நீண்ட நேரம் ஓடவிட்டால் பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் விடை எத்தனை நிமிடத்தில் வந்தது என்று ஒப்பிடாதீர்கள், எத்தனை நோடுகளில் (அதாவது எத்தனை நிலைகளை அலசிய பின்) வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஹாஷை (என்ஜின் அலசியதைச் சேமிக்கும் நினைவகத்தை) துடைத்துவிட்டு ஒரே த்ரெட்டில் (இணையாக ஓடும் ஒரு தேடல் இழையில்) ஓட்ட வேண்டும். பல த்ரெட்டுகளில் ஓட்டினால் அதே நிலைக்கு ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வரும்.

ஆய்வுக்கு மட்டும் த்ரெட்டுகளைக் கூட்டுங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் ஹாஷுக்கு 4096 எம்பி போதும். அதற்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க்கைத் தேட ஆரம்பித்து எல்லாமே தவழும்.

உண்மையான பாய்ச்சல் சிஸிஜி அட்டவணைகளில்தான். சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த கோப்புகள் இவை. ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய் வரை சுமார் 1 ஜிபி. ஆறு காய்க்கு 150 ஜிபி. ஏழுக்கு 17 டெராபைட்டுக்கு அருகில். ஐந்து காய் தொகுப்பை எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் வையுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் ஒவ்வொரு தேடலும் என்ஜினைக் காக்க வைக்கும்.

எதிர்நிற பிஷப்கள் (ஒருவருடையது வெள்ளைக் கட்டங்களில், மற்றவருடையது கறுப்பில்) மிஞ்சிய சில கோட்டை நிலைகளில், அதாவது பலம் குறைந்தவரின் அரணை உடைக்க முடியாத நிலைகளில், இதெல்லாம் உதவாது. ஆழம் ஏற ஏற என்ஜின் தரும் மதிப்பெண் நகராமல் +2-இலேயே (வெள்ளைக்குச் சுமார் இரண்டு சிப்பாய் சாதகம்) நின்றால் டிராவைச் சந்தேகியுங்கள். காய்களை நகர்த்திப் பார்த்து, உள்ளே புக வழியுண்டா என்று நீங்களே தேடுங்கள்.