பழைய 723 பவர் சப்ளையும் புது 2என்3055 கொடுத்த தலைவலியும்

ஒருவழியாக 13.8 வோல்ட் ஆடாமல் நிற்கிறது. ஹாம் (அமெச்சூர்) ரேடியோவுக்காக எழுபதுகளில் கட்டிய லீனியர் சப்ளை இது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் 723 ஐசி, வெளியே கரண்டைத் தாங்கும் 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் ஒன்று, இரண்டும் போயிருந்தன. 723 இன்றும் கிடைக்கிறது. 1967-ல் வந்த ஐசி. பழையது பத்துக் கால் உலோக டப்பா, இப்போது கிடைப்பது 14 கால் டிப் (இரண்டு வரிசைக் கால்கள் உள்ள வகை). கால் எண்கள் ஒத்துவராது, அதனால் சின்ன போர்டு ஒன்று போட்டேன். அந்த வேலை சுலபமாக முடிந்தது.

வயிற்றெரிச்சல் 2என்3055-ல்தான். ரிச்சி தெருக் கடையில் "ஒரிஜினலா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். 12 வோல்ட், 21 வாட் கார் பல்பை லோடாக மாட்டினேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக எரிந்த பல்பு திடீரென்று கண் கூசும் வெள்ளையானது. டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி, உள்ளே வரும் 22 வோல்ட் அப்படியே வெளியே! அந்த இடத்தில் ரேடியோ இருந்திருந்தால் போயே போயிருக்கும். தயவுசெய்து முதலில் பல்பை வைத்தே சோதியுங்கள். மூடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிய சில்லு. டேட்டாஷீட்டில் இருப்பதோ 115 வாட்! இந்தச் சில்லு அதைத் தாங்காது, போலிதான்.

அடுத்ததை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கினேன். பல்பு சோதனையைத் தாங்கியது, மல்டிமீட்டரில் 13.8. ஆனால் ரேடியோவில் ஒரே இரைச்சல். ஆசிலோஸ்கோப்பை வைத்ததும் தெரிந்தது: அவுட்புட் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டிருந்தது.

காரணம் தயாரிப்பு முறை. பழைய ஹோமோடாக்சியல் வகை 2என்3055 மந்தமானது. இன்றைய எபிடாக்சியல் வகை அதைவிடப் பல மடங்கு வேகம். பெயரும் கால்களும் அதேதான், ஆனால் மந்தமான டிரான்சிஸ்டரை நம்பிப் போட்ட சர்க்யூட் இதில் ஆசிலேட் ஆகிவிடுகிறது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

சர்க்யூட்டை மந்தமாக்க, 723-ன் 13-ம் காலுக்கும் 4-ம் காலுக்கும் நடுவே இருந்த 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டரை 470 ஆக்கினேன். டிரான்சிஸ்டரின் பேஸ் காலை ஒட்டியே 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. தள்ளி போர்டில் வைத்தால் பிரயோஜனமில்லை. பேஸ் ஒயரையும் குட்டையாக்கினேன். ஸ்கோப்பில் நேர்கோடு விழுந்தது. அப்பாடா! பழைய சப்ளை எதிலாவது நல்ல நிலையில் பழைய 2என்3055 இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள், எடுத்து வையுங்கள்.